காட்டுக்குக் காவல் யார்?



நம் பள்ளி வாசலில் எப்போதும் படுத்திருக்கும் மூன்று கால் நாயை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அது பிறவியிலேயே முடமானதன்று. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் புறப்பட்ட வேளையில், செம்பனைக்காட்டின் எல்லையில் அதன் அலறல் கேட்டது. ஓடிச் சென்று பார்த்தோம். பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு ஒன்றில் அதன் கால் அகப்பட்டிருந்தது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகி எலும்பு வரை அறுத்திருந்தது. காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்த கண்ணி அது. வைத்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. அவர் நம்மில் ஒருவராகவே இருக்க வேண்டும். தீய எண்ணம் கொண்டவரும் அல்லர். ஆயினும், அக்கம்பியைப் பற்றியும், அதைத் தேடிக் காட்டில் நடப்பவர்களைப் பற்றியும் இங்கு எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தது பன்றியை மட்டுமே பிடிப்பதில்லை. மான், கரடி, தாப்பீர், புலி என எது மிதித்தாலும் அது இறுகும். புலி வலிமை மிக்கது. அவ்வலிமையே அதற்கு எமனாகிறது. அது திமிறத் திமிறக் கம்பி தசையை அறுக்கும். அறுத்துக்கொண்டு தப்பினாலும் புண் அழுகி, வேட்டையாட இயலாமல் பட்டினியால் மடியும்.

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1950ஆம் ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டனர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன எனக் கூறியது. புலி குறைந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இளஞ்செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் பன்றியைப் பிடித்துத் தின்பது எது? புலியன்றோ!

பகாங் மாநிலத்தில், கிளந்தான் எல்லைக்கு அருகில் மெராப்போ என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே சுங்கை யூ என்னும் இடத்தில், தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைத்தொடரையும் இணைக்கும் ஒடுங்கிய காட்டுப் பகுதி அமைந்துள்ளது. அதன் குறுக்கே நெடுஞ்சாலை செல்கிறது. விலங்குகள் அடியில் நடந்து செல்வதற்காகவே அங்குச் சாலையைத் தூண்களின் மீது உயர்த்திக் கட்டினார்கள். வழி அமைத்தால் போதுமா? அவ்வழியில் கண்ணி வைப்போரைத் தடுக்க வேண்டாமா?

இதற்காகவே, மலேசியப் புலிப் பாதுகாப்புக் கூட்டணியான மைகேட், 2010ஆம் ஆண்டில் பொதுமக்கள் பங்குபெறும் காட்டு நடையைத் தொடங்கியது. உள்நாட்டினர் மட்டுமன்றி வெளிநாட்டினரும் தம் சொந்தச் செலவில் இதற்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கி ஏந்துவதில்லை, எவரையும் எதிர்ப்பதுமில்லை. வழிகாட்டியுடன் சிறு குழுவாகக் காட்டு வழியில் நடப்பார்கள். கண்ணி, கள்ள வேட்டைக்காரர் தங்கிய குடில், விலங்கின் காலடி ஆகியவற்றைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு தெரிவிப்பார்கள். மனித நடமாட்டம் உள்ள இடத்தில் திருடன் துணிந்து வரமாட்டான். ஆகவே, அவர்கள் நடப்பதே ஒரு காவலாகிறது.

நம் ஜொகூரிலும் இத்தகைய தொண்டு நடந்துள்ளது. 1977ஆம் ஆண்டு எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1985ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகம் அக்காட்டிற்குப் பெரியதோர் ஆய்வுப் பயணத்தைத் தொடங்கியது. பொதுமக்கள் நன்கொடை அளித்தனர். அறிஞர்களுடன் தொண்டர்களும் காட்டுக்குள் சென்று செடி கொடிகளையும் உயிரினங்களையும் பதிவு செய்தனர். 1993ஆம் ஆண்டில் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

காடு காப்பாற்றப்பட்டது. ஆனால், அக்காட்டில் வாழ்ந்த சுமாத்திராக் காண்டாமிருகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. மரங்கள் நின்றால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தொண்டர் சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புவார். அவர் போன பின்பு காட்டைக் காப்பவர் யார்? காட்டோரத்தில் வாழ்பவரே. கம்போங் பெத்தாவில் வாழும் ஜாக்கூன் பூர்வகுடியினர் எண்டாவ் ரொம்பினில் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகிறார்கள். ஆற்றின் போக்கும் விலங்கின் தடமும் அவர்களுக்குப் பரம்பரைப் பாடம்.

நம் முன்னோரின் தாயகத்திலும் ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குமுளிக்கு அருகில் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளது. காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்களை, 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் அங்குக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றினார்கள். பயிரை மேய்ந்த வேலியே பயிருக்குக் காவலாயிற்று! 2002ஆம் ஆண்டில், சுற்றுப்புறப் பெண்கள் ஒன்றுசேர்ந்து வசந்த சேனை என்னும் குழுவை அமைத்தனர். வீட்டு வேலைகளுக்கிடையே முறைவைத்து, கூலி ஏதும் பெறாமல், சந்தன மரங்களைக் காக்கக் காட்டைச் சுற்றி வந்தனர். அவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். நம் தாய்மார்களைப் போன்றவர்களே.

பெற்றோர்களே! கடல் கடந்து வருபவர் கம்பியைத் தேடி எடுக்கிறார். காட்டோரத்தில் வாழும் நாமே அதைக் கட்டலாமா? கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு வேளைக் கறிக்காகச் சிறை செல்ல நேர்ந்தால், வீட்டில் அடுப்பு எரியுமா? பன்றித் தொல்லை மிகுந்தால் தோட்ட நிர்வாகத்திடம் கூறுங்கள். உரிமம் பெற்றவரைக் கொண்டு முறைப்படி தீர்வு காண வனவிலங்கு இலாகா இருக்கிறது.

மாணவர்களே! காட்டுக்குள் தனியே செல்லாதீர்கள். கம்பியைக் கண்டால் தொடாதீர்கள். எத்தனையாவது வரிசை, எந்த மரத்தடி என்று நினைவிற்கொண்டு ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். சொல்பவரின் பெயர் வெளியே வராது; இது என் உறுதிமொழி. நீங்கள் வளர்ந்த பின், வாய்ப்புக் கிட்டினால், மெராப்போவுக்கோ கடல் கடந்த காட்டுக்கோ தொண்டராகச் செல்லுங்கள். அதுவரை உங்கள் தொண்டு நம் தோட்டத்தின் எல்லையிலேயே தொடங்கட்டும்.

வாசலில் படுத்திருக்கும் அந்த நாயைக் கடந்து செல்லும்போதெல்லாம், அகப்பட்டது நாய் என்பதால்தான் நமக்குக் கேட்டது என்பதை நினைவில் வையுங்கள். நடுக்காட்டில் அகப்படும் புலியின் ஓசை நம் லயம் வரை எட்டாது.

– தலைமையாசிரியர்