பார்க்கும் குழாயே பரிகாரமும்

இரைப்பையும் குடலும் வாய்வழியாகவும் மலவாய் வழியாகவும் வெளியுலகுக்குத் திறந்திருப்பவை என்பதால், கத்தி வைக்காமலே அவற்றின் உட்சுவரைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் நெடுங்காலமாகவே இருந்துவந்தது. 1868-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் நேரான உலோகக் குழாயை இரைப்பைவரை செலுத்தியபோது, அதற்கு வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரே தேவைப்பட்டார். மற்றவர் தொண்டை அதற்கு இடம் கொடுத்திராது. தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி அவற்றின் வழியே படத்தைக் கடத்த முடியும் என்பதை 1954-இல் ஹரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் லண்டனில் காட்டிய பிறகுதான் முழுதும் வளையும் கருவிக்கு வழி பிறந்தது. அமெரிக்காவில் அதை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் முதலில் தம் தொண்டையிலேயே அதைச் செலுத்திப் பார்த்தார்.

வாய்வழியே செலுத்தும் இன்றைய வளையும் குழாயான எண்டோஸ்கோப் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பருமனும் கொண்டது. ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவின்றி வந்தவரின் தொண்டையை மரத்துப்போகச் செய்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய அக்குழாயை உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் என்ற வரிசையில் செலுத்துகின்றனர். ஐயத்துக்குரிய இடத்தில் அரிசிமணியினும் சிறிய துணுக்கைக் கிள்ளியெடுப்பதே திசுப்பரிசோதனை எனப்படும் பயாப்ஸி. அத்துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் இட்டு, அது சிவந்தால், அல்சருக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகக் கொள்வர். அக்கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குவதால் நேரும் நிறமாற்றம் அது. ஆனால் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி அமிலம் குறைக்கும் மாத்திரைகளை அண்மைவரை விழுங்கிவந்தவர்களிடம் கிருமி இருந்தும் கூழ் மஞ்சளாகவே நின்றுவிடக்கூடும் என்பதால், மருத்துவரிடம் மறைக்கக்கூடாத செய்தி அது.

பார்ப்பதற்கென வந்த குழாய் பரிகாரம் செய்யத் தொடங்கியதே இத்துறையின் பெரிய திருப்பம். இரத்தம் கசியும் அல்சருக்குக் கிளிப் போடுவதும், கல்லீரல் கெட்டவர்களின் உணவுக்குழாயில் புடைத்த நாளங்களை ரப்பர் வளையத்தால் இறுக்குவதும், எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்துள் நுழையும் ஈ.ஆர்.சி.பி. முறையில் அங்குள்ள கல்லை அகற்றுவதும் இதன் வழியே நடக்கின்றன. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் பெருங்குடலில் முளைத்த பாலிப்பைக் கம்பிச் சுருக்கில் மாட்டி மின்சாரத்தால் அறுத்தெடுத்த பிறகு, பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய முளைகளை வயிற்றைத் திறக்காமலே களைய முடிந்தது. மலவாய் வழியே குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் இந்தக் கொலோனோஸ்கோப்பியின் வெற்றியில் பாதி நோயாளியின் கையில் இருக்கிறது எனலாம். முந்தின நாள் பேதி மருந்தைச் சுவை பிடிக்காமல் பாதியில் நிறுத்தியவரின் குடலில் ஒட்டியிருக்கும் மலத்தின் கீழே சிறு பாலிப் எளிதில் மறைந்துவிடும்.

நடுவிலுள்ள சிறுகுடலின் பெரும்பகுதி இவ்விரு குழாய்களுக்கும் எட்டாதது. 2001-இல் நடைமுறைக்கு வந்த, மாத்திரை வடிவக் கேமரா விழுங்கப்பட்டதும் சிறுகுடலினூடே படமெடுத்துக்கொண்டே சென்று மலத்தோடு வெளியேறுகிறது. ஆயினும் அது துணுக்கைக் கிள்ளவோ கசிவை அடைக்கவோ இயலாதது என்பதால், அது காட்டிய புண்ணைத் தேடி நீண்ட குழாயொன்று மீண்டும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.