பாசிட்டிவ்னா புற்றுநோயா?

இன்னைக்கு எபிசோடு எங்க சித்தியால வந்தது. அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

சித்திக்கு 43 வயசு. குன்றத்தூர்ல ஒரு முகாம்ல கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்கிட்டாங்க. "பாசிட்டிவ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு ஒரு சீட்டு கொடுத்தாங்க, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, எந்த நகை எந்தப் பொண்ணுக்குன்னு பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. "இனிமே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போகுது?"ன்னு ஒரே கேள்வி.

அந்த டெஸ்ட் பேரு வி.ஐ.ஏ. வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்த்துப்போன அளவுல கர்ப்பப்பை வாயில தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பாங்க. மாற்றம் இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். செலவு கம்மி, ரிசல்ட் உடனே. பயிற்சி எடுத்த நர்ஸே பண்ணலாம்.

சரி, இது எவ்வளவு சரியாச் சொல்லும்? "துல்லியம் எத்தனை சதவீதம்"னு கேக்குறதே தப்பான கேள்வி. ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த 11 ஆய்வுகளைச் சேர்த்து 2004-ல முடிவு வெளியிட்டாங்க. மொத்தம் 56,939 பெண்கள். டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தவங்களையும் கால்போஸ்கோபி கருவி வச்சுப் பார்த்தாங்க. இது ரொம்ப முக்கியம். ஸ்பாம் ஃபோல்டரை மட்டும் திறந்து பார்த்தா, ஃபில்டர் எத்தனை ஸ்பாமைக் கோட்டை விட்டுச்சுன்னு தெரியாது இல்லையா? இன்பாக்ஸையும் பார்க்கணும்.

புற்றுநோயா மாறக்கூடிய தீவிர மாற்றம் இருக்கிறவங்கள்ல 76.8 சதவீதம் பேரை வி.ஐ.ஏ. பிடிச்சுது. இது சென்சிட்டிவிட்டி. அது இல்லாதவங்கள்ல 85.5 சதவீதம் பேருக்குச் சரியா 'இல்லை'ன்னு சொல்லுச்சு. இது ஸ்பெசிஃபிசிட்டி.

இப்போ 1,000 பெண்களை நினைச்சுக்கோங்க. அந்த ஆய்வுகள்ல இருந்த விகிதப்படி சுமார் 19 பேருக்கு அந்த மாற்றம் இருக்கும். டெஸ்ட் 15 பேரைப் பிடிக்கும், 4 பேரை விட்டுடும். மீதி 981 பேர்ல 142 பேருக்கு, அந்தத் தீவிர மாற்றம் இல்லாமலே 'பாசிட்டிவ்' வரும். ஆக மொத்தம் 157 பாசிட்டிவ். அதுல நிஜமாவே மாற்றம் இருக்கிறது 15 பேருக்கு. பத்துல ஒண்ணுகூட முழுசா இல்ல. அந்த ஒண்ணும்கூட புற்றுநோய் இல்ல, அதுக்கு முந்தின கட்டம்.

இன்னொரு பக்கம், எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு 'நெகட்டிவ்'னு அச்சடிக்கிற ஒரு வரி கோடு நான் எழுதினா அதோட துல்லியம் 98 சதவீதம்! ஆனா ஒரு உயிரைக்கூடக் காப்பாத்தாது.

"அப்போ இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டா?"ன்னு தோணும். இதுக்குப் பதில் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கு. 2000-ல அங்க ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. 30-லேர்ந்து 59 வயசு வரைக்கும் இருக்கிற 31,343 பெண்களுக்கு நர்ஸுகள் வி.ஐ.ஏ. பண்ணாங்க. 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அதுல 3,052 பேர் அடுத்த கட்டமான கால்போஸ்கோபிக்குப் போனாங்க. தேவைப்பட்டவங்களுக்கு பயாப்சி, சிகிச்சை. 2007-ல வந்த முடிவு: டெஸ்ட் ஏற்பாடு செஞ்ச பகுதிகள்ல, செய்யாத பகுதிகளைவிட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு.

டெஸ்ட் அதே சுமாரான டெஸ்ட்தான். ஆனா பாசிட்டிவ் வந்தவங்க வீட்டுல உக்காரல, அடுத்த கதவைத் தட்டினாங்க. உயிரைக் காப்பாத்தினது அந்த ரெண்டும் சேர்ந்துதான்.

அதனால பாசிட்டிவ்னா தீர்ப்பு இல்ல, 'இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க'ன்னு ஒரு தகவல். நெகட்டிவ்னாலும் ஆயுசுக்கும் கேரண்டி இல்ல; அந்த விட்டுப்போன 4 பேர் ஞாபகம் இருக்கட்டும். டாக்டர் சொன்ன இடைவெளியில மறுபடி எடுக்கணும்.

இந்தக் கணக்கை ஒரு பழைய கரண்ட் பில்லுக்குப் பின்னாடி போட்டுக் காட்டினேன். சித்தி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அந்த 15-ல நான் இருந்தா?"ன்னு கேட்டாங்க. "இருந்தா, சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம்"னேன்.

அடுத்த வாரம் போனோம். பயாப்சியும் எடுத்தாங்க. சித்தி அந்த 142 பேர்ல ஒருத்தர். ஆனா போகாம இருந்திருந்தா அது எங்க யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நகை இப்போ திரும்பவும் பீரோவுக்குள்ள.

உங்க வீட்டுல 30 வயசு தாண்டின அக்கா, அம்மா, சித்தி இருந்தா இன்னைக்கே கேளுங்க: "டெஸ்ட் எடுத்தீங்களா? சீட்டு ஏதாவது கொடுத்தாங்களா?" அடுத்த எபிசோடுல பார்ப்போம்!