உறுதி யார் பேரில்?

திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நண்பருக்கு ஒரு சந்தேகம்: "கிண்ணியாவில் எந்த வீட்டைக் கேட்டாலும் மனைவி வீடு என்கிறார்கள். எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளையா?"

ஆமாம். உங்கள் ஊரில் அது கேலி, இங்கே வழமை. கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் கல்யாணம் முடிந்தால் இடம் மாறுவது ஆண்தான். மகளுக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சு நகராது. வீட்டின் உறுதிப் பத்திரமும் பெரும்பாலும் அவள் பேரில்தான். பல ஊர்களில் 'குடி' என்னும் குலப் பிரிவும் தாய்வழியாகவே வரும். 1969இல் இதே கரையிலுள்ள அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இதையெல்லாம் 2008இல் பெரிய நூலாகவே எழுதினார்.

"மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்பதல்லவா மார்க்கச் சட்டம்?"

அது வாரிசுரிமை, ஒருவர் மௌத்தான பின் எஞ்சியதைப் பிரிக்கும் கணக்கு. இங்கே வாப்பா உயிரோடிருக்கும்போதே வீட்டைக் கொடுத்துவிடுகிறார். அது ஹிபா, அன்பளிப்பு. அந்தக் கணக்குக்குள் வராது. தெளிவான விதியோடு மோதாத ஊர் வழக்கத்தை மதிப்பதும் ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டவியலில் பழைய நெறிதான்.

ஆனால் இன்னொரு பக்கம் இடிக்கிறது. மார்க்கப்படி கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை, அதுதான் மஹர். நடப்பிலோ பெண் வீட்டார் வீடும் கொடுத்துக் கைக்கூலியும் கொடுக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலேயே 'கைக்கூலி' என்ற நம் சொல் இருக்கிறது. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்று அதற்குப் பொருளும் சொல்கிறது. பெண்ணுக்கென்று கொடுத்த காசு எத்தனை வீடுகளில் பெண்ணின் கைக்கு வருகிறது? தங்கைமாருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை வளைகுடாவில் உழைக்கும் காக்காமாரையும் நினைத்துப் பாருங்கள். சீதனம் வேண்டாம் என்று பேசும் மௌலவிமாரின் கோபம் நியாயமானதுதான்.

"அப்படியானால் ஒழித்துவிடலாமே?"

அவசரப்படாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் புது வீடுகள் எழுந்தபோது, உரிமைப் பத்திரத்தைக் குடும்பத் தலைவர் பேருக்கு எழுதுவது அரசாங்கப் பழக்கமாக இருந்தது. தலைவர் என்றால் பெரும்பாலும் ஆண். பெண்ணின் வீடு நின்ற ஊரில், சத்தமில்லாமல் ஆணின் வீடு முளைத்தது. இருந்தும், கிழக்கில் அந்த வீடுகளைத் தாய்மார் மகள்களின் சீதனமாகக் கணக்கிட்டதை மெக்கில்வ்ரேயும் சக மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸும் 2010இல் எழுதினார்கள்.

பெண்ணைப் பெற்றவரைப் பிழிவது வேறு, பெண்ணின் பேரில் கூரை இருப்பது வேறு. இரண்டுக்கும் சீதனம் என்று ஒரே பேர் வைத்திருப்பதால்தான் குழப்பம். கணவன் மனைவி பிரிந்தால், இங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவது பெரும்பாலும் ஆண்தான். சீதனத்தை ஒழிக்கும் நாளில் அந்தப் படியில் யார் நிற்பார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நண்பர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "எங்கள் வீட்டுப் பத்திரம் அப்பா பேரில்தான் இருக்கிறது," என்றார் மெதுவாக.