வகுப்பு வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில்

காலை பத்து மணி. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் மகன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மடியில் மடிக்கணினி, காதில் இயர்ஃபோன்.

“இன்னைக்கு வகுப்பு இல்லையாப்பா?”

“பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன்.”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு கட்டணம் கட்டி அனுப்பியது வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்க்கத்தானா என்று மனத்துக்குள் ஒரு கேள்வி. மகனுக்கோ அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கும் பல வீடுகளில் நடக்கும் உரையாடல்தான் இது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூலைகள் இல்லாத கட்டடம்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் ‘ஹைவ்’ எனப்படும் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். டிம் சம் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். தாமஸ் ஹெதர்விக்கின் குழு வடிவமைத்த இந்தக் கட்டடம் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 12 கோபுரங்களில் 56 பயிற்சி அறைகள் உள்ளன. அறைகளில் மூலைகள் இல்லை. முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சுக்கும் இடமில்லை. மாணவர்கள் வட்டமாக உட்கார, ஆசிரியர் அவர்களுக்கு நடுவே நடமாடுவார்.

வேடிக்கைக்காகக் கட்டப்பட்ட வடிவமல்ல இது. பேராசிரியர் மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேச, நூற்றுக்கணக்கானோர் குறிப்பெடுக்கும் விரிவுரை மண்டபத்துக்கு மாற்றாக வந்தது. விரிவுரையை மாணவர் முன்கூட்டியே காணொளியில் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பு நேரம் கணக்குப் போடவும் விவாதிக்கவும் தவறுகளைத் திருத்திக்கொள்ளவும் பயன்படும். முன்பு வகுப்பில் நடந்தது வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுப்பாடம் வகுப்புக்குப் போய்விட்டது. அதனால்தான் இதைத் ‘தலைகீழ் வகுப்பறை’ என்கிறார்கள்.

பக்கத்து மாணவரிடம் கேள்

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் எரிக் மசூர், 1990களின் தொடக்கத்தில் தம் மாணவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் மாணவர்கள், விசை என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். சூத்திரம் தெரிந்திருந்தது, பொருள் புரியவில்லை.

அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் பேசி, தம் விடை ஏன் சரி என்று விளக்கவேண்டும். அதன்பின் மீண்டும் விடை சொல்லலாம். நேற்றுதான் ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, சக மாணவர் எந்த இடத்தில் குழம்புகிறார் என்பது பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும். இன்று அதே கேள்விகளுக்கு மாணவர்கள் திறன்பேசியில் விடையளிக்கிறார்கள். எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது சில வினாடிகளில் திரையில் தெரிந்துவிடுகிறது.

இதனால் பலன் உண்டா? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2014ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 100 பேரில் 34 பேர் தேர்ச்சி பெறவில்லை. மாணவர்கள் கலந்து பேசியும் கேள்விகளுக்கு விடை தேடியும் கற்ற வகுப்புகளில் அந்த எண்ணிக்கை 22. அந்த 12 பேரில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தேர்ச்சியைக் கூட்டியது திரையல்ல. காணொளியும் செயலியும் செய்தது நேரத்தை மிச்சப்படுத்தியதுதான். மிச்சமான நேரத்தில் என்ன நடந்தது என்பதில்தான் வெற்றி இருக்கிறது.

‘ஒன்றும் படிக்காததுபோல் இருக்கு’

பிள்ளைகளுக்கே சில நேரம் இந்த முறை பிடிப்பதில்லை. “லெக்சரர் எதுவுமே சொல்லிக் கொடுக்கல, நாங்களே பேசிக்கிட்டு வந்துட்டோம்” என்று சலித்துக்கொள்வார்கள்.

2019ல் ஹார்வர்டில் நடந்த ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. ஒரே இயற்பியல் பாடம் இரு வகையில் கற்பிக்கப்பட்டது. நல்ல விரிவுரை கேட்டவர்கள், தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். தாமே முயன்று விடை தேடியவர்கள், குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். ஆனால் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் இரண்டாவது பிரிவினர். தெளிவான பேச்சைக் கேட்கும்போது நமக்கும் எல்லாம் புரிந்ததுபோல் தோன்றிவிடுகிறது. தாமே முயலும்போது தலை வலிக்கிறது. அந்த வலியைத் தோல்வி என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம். முதல் பருவத்தில் தளர்ந்துபோகும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியே பெரிய ஆறுதலாக இருக்கும்.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல், தள்ளிப்போடுவது. காணொளி எப்போதும் இருக்கும் என்பதால் இன்று பார்க்கத் தோன்றாது. நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் ஏறக்குறைய 13 வாரங்கள். ஐந்தாவது வாரத்தில் நான்கு பாடங்களின் காணொளிகள் சேர்ந்துவிட்டால், பிறகு இரட்டை வேகத்தில் ஓடவிட்டாலும் பிடிக்கமுடியாது. பார்க்காமல் வகுப்புக்குப் போனால் விவாதத்தில் வாய் திறக்கமுடியாது. வாய் திறக்கமுடியாத வகுப்புக்குப் போகவும் மனம் வராது.

இரண்டாவது, இடமும் இணையமும். 2020 ஜூன் மாதம், சபாவின் பித்தாஸ் மாவட்டத்தில் ஒரு மாணவி தேர்வெழுத நல்ல இணையத் தொடர்பு தேடி, மரத்தின்மேல் இரவைக் கழித்தது மலேசியா முழுவதும் பேசப்பட்டது. சிங்கப்பூரில் இணையத்துக்காக மரம் ஏறவேண்டியதில்லை. ஆனால் தாத்தா பாட்டி, தம்பி தங்கையோடு வாழும் வீவக வீட்டில் ஒரு மணி நேர அமைதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, வகுப்பு இல்லாத நாளிலும் நூலகத்துக்குப் போகிறேன் என்றால் ஊர்சுற்றப் போவதாக எண்ணவேண்டாம்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரையை யார் எழுதினார்கள் என்ற சந்தேகம் எல்லா வளாகங்களிலும் எழுந்தது. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களும் வந்தன. 2023ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று கூறின. அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டறியும் கருவியையே மீட்டுக்கொண்டது.

ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு அறிவுரைகள். பாடத்துக்குப் பாடம் விதிகள் மாறும். எதற்கு அனுமதி உண்டு என்பதை முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். எழுதும்போது முந்தைய வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். கேள்வி எழுந்தால் உங்கள் உழைப்புக்கு அவையே சாட்சி.

வேலை பார்ப்போருக்கும் இதே வாசல்

இந்த மாற்றத்தால் பயனடைவோர் இருபது வயதினர் மட்டுமல்லர். பகலில் வேலை, மாலையில் குழந்தைகள் என்று ஓடுபவர் நள்ளிரவில் விரிவுரையைக் கேட்டுவிட்டு, வாரத்தில் ஓரிரு மாலை மட்டும் வகுப்புக்குப் போய்ப் பட்டம் பெறமுடிகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களுக்குப் பகுதிநேரப் பட்டப்படிப்புகளை வழங்குகிறது.  40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியும் உண்டு. ஆனால் நேரம் ஒதுக்காமல் காணொளியைச் சேர்த்து வைத்தால், பிள்ளைக்கு நேர்வதே பெற்றோருக்கும் நேரும்.

கேள்வியை மாற்றிப் பார்ப்போம்

வளாக வாழ்க்கை திரையில் அடங்காது. குழுப் பணியில் எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்பது, புரியவில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்லும் துணிவு, வகுப்பு முடிந்து உணவங்காடியில் தொடரும் வாக்குவாதம் ஆகியவற்றுக்குக் காணொளிப் பதிவு கிடையாது. விரிவுரையை வீட்டுக்கு அனுப்பியதே இவற்றுக்கு இடம் கொடுக்கத்தான்.

ஆகவே, கட்டிலில் சாய்ந்து மடிக்கணினி பார்க்கும் பிள்ளையிடம் “இன்னைக்கு வகுப்புக்குப் போகலையா?” என்று கேட்பதைக் கொஞ்சம் மாற்றலாம். மாலையில் அவன் வீடு திரும்பியதும், “இன்னைக்கு வகுப்புல என்ன கேள்வி வந்துச்சு? நீ என்ன சொன்னே?” என்று கேளுங்கள்.

பதில் வந்தால் கட்டணம் வீணாகவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். பதில் வரவில்லையென்றால் திட்டவேண்டாம். எத்தனை காணொளி பாக்கி என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நேர அட்டவணை போடுங்கள்.