கருவை வளர்க்கும் நீர்

பழவேற்காட்டு ஏரி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். இறாலும் மடவையும் கடலில் முட்டையிடும். அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரியுட் புகுந்து வளரும். மணல் மேடிட்டு அவ்வழி தூர்ந்துவிடின் ஏரிநீரின் உப்பு மாறும்; குஞ்சுகளின் வரவும் குன்றும். இளவுயிரின் வாழ்வு அதனைச் சூழ்ந்த நீரின் தன்மையைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

மீனின் கரு புறத்துள்ள நீரில் வளர்வது. ஆவின் கருவோ தாயின் வயிற்றகத்து நீரில் வளர்வது. அந்நீரைப் போன்றதோர் நீரை ஆய்வுக்கூடத்தில் ஆக்க அறிவியலார் முயன்றனர். 1981ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே, உடலுக்குப் புறத்தே கருவுற்ற முட்டையினின்று கன்று ஒன்று பிறந்தது. 1990ஆம் ஆண்டில் கர்னால் நகரிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் எருமைக் கன்று ஒன்று இவ்வாறே பிறந்தது. அதற்குப் ‘பிரதம்’ எனப் பெயரிட்டனர்.

ஒரு பசு பொதுவாக ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். அருகிவரும் நாட்டினப் பசு ஒன்றின் வழியில் பல கன்றுகளைப் பெற இம்முறை துணை செய்யும். பசுவின் சூலகத்தினின்று கருமுட்டைகளை நுண்ணிய ஊசியால் எடுப்பர். ஏறத்தாழ ஒரு நாள் வளர்ப்பு நீரில் இட்டு முதிரச் செய்வர். பின்னர் விந்தணுக்களொடு சேர்ப்பர். கருவுற்றவற்றை 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏழு நாள் காத்து, வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பர். எனினும், நூறு முட்டைகளில் முப்பது அல்லது நாற்பதே பெரும்பாலும் ஏழாம் நாளை எட்டும்.

ஏனையவை அழிவது எதனால்? தாயின் கருக்குழாயில் பிராணவாயு குறைவு. நாம் உயிர்க்கும் காற்றிலோ அது மிகுதி. அம்மிகுதியால் கருவினுள் தீங்கு செய்யும் பொருள்கள் தோன்றும். ஆதலின், வளர்கலத்தினுட் செலுத்தும் பிராணவாயுவைக் குறைப்பர். அத்தீங்கைத் தணிக்கும் சிஸ்டியமின், மெலட்டோனின் முதலியவற்றைச் சிற்றளவில் நீரிற் சேர்ப்பர். உணவும் பருவத்திற்கு ஏற்றதாதல் வேண்டும். தொடக்கத்தில் கரு பைருவேட், லாக்டேட் என்னும் உப்புகளையே விரும்பும். குளுக்கோஸ் சர்க்கரையை அது மிகுதியாக நாடுவது பிற்பட்ட நாளிலேயாம்.

சேர்ப்பன யாவும் நன்மையே தரும் எனல் இயலாது. கன்றின் குருதியினின்று பிரித்த ஊனீரைச் சேர்த்தபோது கருக்கள் விரைந்து வளர்ந்தன. ஆயின், அவற்றுட் கொழுப்பு மிகுந்தமையால் உறைகுளிரில் வைத்துக் காத்தல் அரிதாயிற்று. பிறந்த கன்றுகளிற் சில அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. ஈனுங்கால் தாய்ப்பசுக்கள் பெருந்துன்பம் உற்றன. ஆகவே, ஆய்வாளர் பலர் ஊனீரைக் குறைத்தனர். சிலர் முற்றும் நீக்கி, அமினோ அமிலங்களையும் தூய புரதத்தையும் பயன்படுத்தினர்.

கண்ணாடிக் கலத்திற் பெருகும் கருக்களின் எண்ணிக்கை ஒன்றையே கொண்டு வளர்ப்பு நீரின் சிறப்பை மதித்தலாகாது. தாய்க்குத் தீங்கின்றிப் பிறந்து, தன் காலில் எழுந்து நின்று பாலுண்ணும் கன்றே அதற்கு உரிய அளவுகோலாகும்.