கம்பங்கூழின் பிறந்த வீடு ஆப்பிரிக்கா!

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள மணமேல்குடி, கடலோர ஊர். அங்கே கூழுக்குக் கருவாடு தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கடலில் கம்பு விளையுமா? கம்பு விளையும் ஊரில்தான் கருவாடு காயுமா? ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. அதனால்தான் சந்தை பிறந்தது.

அந்தக் கம்பு முதலில் எங்கே விளைந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவில்! சகாரா பாலைவனத்தின் தெற்கே, இன்றைய மாலி நாட்டில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைப் பயிரிட்டார்கள். பிறகு அது இந்தியாவுக்கு வந்தது. கேழ்வரகும் சோளமும்கூட ஆப்பிரிக்கப் பயிர்கள்தான்.

அங்கேயும் கூழ்

நைஜீரியாவின் வடக்கிலும் நைஜர் நாட்டிலும் ஹவுசா மக்கள் வாழ்கிறார்கள். உழவிலும் வியாபாரத்திலும் பெயர் பெற்றவர்கள். கம்பை இடித்து, இஞ்சி, கிராம்பு சேர்த்து, உருண்டை பிடித்து வேக வைப்பார்கள். மறுபடியும் இடித்துப் பிசைவார்கள். இதன் பெயர் 'ஃபுரா'. புளித்த பாலில் கரைத்துக் குடித்தால் வெயிலுக்கு இதம். நம் ஊரில் கூழில் மோர் விட்டுக் குடிப்பது போலத்தான்!

அந்தப் பாலைக் கொண்டு வருகிறவர்கள் வேறு இனத்தார். மாடு வளர்க்கும் புலானி மக்கள். புலானிப் பெண்கள் சுரைக்குடுவையில் பாலை நிரப்பி, தலையில் சுமந்து சந்தைக்கு வருவார்கள். பாலைக் கொடுத்துத் தானியம் வாங்கிப் போவார்கள்.

அறுவடை முடிந்த வயலில் புலானியரின் மாடுகள் தாளை மேயும். சாணம் வயலுக்கு எருவாகும். நம் உழவர்கள் கிடை போடச் சொல்வதும் இதற்காகத்தானே!

ஒட்டகத்தில் வந்த உப்பு

உப்பு மட்டும் பாலைவனத்திலிருந்து வந்தது. துவாரெக் மக்கள் பில்மா என்ற ஊரிலிருந்து ஒட்டகங்களில் உப்பு ஏற்றி வருவார்கள். ஹவுசா சந்தைகளில் அதை விற்றுக் கம்பு வாங்கிச் செல்வார்கள். லாரிகள் வந்த பிறகு இந்த ஒட்டகப் பயணம் குறைந்துவிட்டது.

வயலில் சண்டை

இப்போது வேறொரு தொல்லை. மாடுகள் நடந்த வழிகள் பல இடங்களில் வயலாகிவிட்டன. மழையும் தவறுகிறது. பயிரை மாடு மேய்ந்தது என்று ஒரு பக்கம், வழியை அடைத்தார்கள் என்று மறுபக்கம். பேச்சு முற்றிச் சண்டையாகி, நைஜீரியாவில் ஆயிரக்கணக்கானோர் உயிர் இழந்துவிட்டார்கள்.

உழவருக்கு எரு வேண்டும். மாட்டுக்காரருக்குத் தானியம் வேண்டும். இருவரும் பகைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் பாலில்லாத கூழ். மறு வீட்டில் கூழில்லாத பால். வயிறு நிறைவது யாருக்கு?