சர்க்கரையில் கலந்த கண்ணீர்

டீயில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறோம். பண்டிகை என்றால் இனிப்பு செய்கிறோம். சர்க்கரை இன்று சாதாரணப் பொருள். ஆனால் ஒரு காலத்தில் இந்தச் சர்க்கரைக்காகவும் புகையிலை போன்ற பொருட்களுக்காகவும் மனிதர்களையே சந்தையில் விற்றார்கள். ஒருவர் இருவரை அல்ல. ஒரு கோடிப் பேருக்கும் மேல். அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோம்.

எப்படித் தொடங்கியது?

1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். அமெரிக்கா பக்கத்துத் தீவுகளை அடைந்தார். அவருக்குப் பின் ஸ்பெயின், போர்ச்சுகல், இங்கிலாந்து, பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் அங்கே போனார்கள். நிலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். கரும்பும் புகையிலையும் பயிரிட்டார்கள்.

பாடுபட ஆள் வேண்டுமே! முதலில் அந்த மண்ணின் மக்களை வாட்டி வேலை வாங்கினார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மை போன்ற நோய்களாலும், கொடுமையாலும் அந்த மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். உடனே முதலாளிகளின் பார்வை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது.

மூன்று பக்க வியாபாரம்

ஐரோப்பாவில் இருந்து கப்பல்கள் புறப்படும். அவற்றில் துணி, துப்பாக்கி, சாராயம் இருக்கும். ஆப்பிரிக்கக் கரையில் அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அந்த மனிதர்களை அமெரிக்காவில் விற்பார்கள். அங்கிருந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா திரும்புவார்கள். மூன்று பக்கமும் லாபம்.

அந்தத் துணிகளில் நம் நாட்டுத் துணியும் உண்டு. குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்த துணி. நெய்தவரிடம் அது எதற்குப் போகிறது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

ஆப்பிரிக்காவிலும் சில அரசர்களும் வியாபாரிகளும் இதற்குத் துணை போனார்கள். சண்டையில் பிடிபட்டவர்களை விற்றார்கள். ஊருக்குள் புகுந்து ஆட்களைக் கடத்தியும் விற்றார்கள்.

கப்பலில் நடந்தது என்ன?

ஆண்களை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்தார்கள். கப்பலின் அடித்தட்டில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். காற்று இல்லை. வெளிச்சம் இல்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பரவின. பயணம் பெரும்பாலும் இரண்டு மாதம் நீடிக்கும்.

சுமார் 350 ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். மீதி 18 லட்சம் பேர் வழியிலேயே இறந்தார்கள்.

1781-ஆம் ஆண்டு சோங் என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஒரு கொடுமை நடந்தது. தண்ணீர் போதாது என்று சொல்லி, 130-க்கும் மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் தள்ளினார்கள். பிறகு கப்பல் முதலாளிகள், "சரக்கு நஷ்டமாகிவிட்டது, இன்சூரன்ஸ் பணம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். லண்டன் கோர்ட்டில் பண வழக்குத்தான் நடந்தது. கொலை வழக்கு யார் மேலும் நடக்கவில்லை.

எழுதத் தெரிந்த அடிமை

இந்தச் செய்தியை 1783-இல் லண்டனில் ஒரு சமூகத் தொண்டரிடம் கொண்டுபோனவர் ஒலாடா எக்வியானோ. அவரும் முன்பு அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். சிறு வியாபாரம் செய்து காசு சேர்த்தார். 1766-இல் 40 பவுன் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார்.

1789-இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். பலர் அதை வாங்கிப் படித்தார்கள். சரக்கு என்று நினைத்தது ஒரு மனிதனை என்று அவர்களுக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இருந்தது. ஏன் தெரியுமா? படித்தவர் கேள்வி கேட்பார் என்ற பயம்தான்.

எப்படி முடிந்தது?

அடிமைகள் சும்மா இருக்கவில்லை. கப்பலில் கலகம் செய்தார்கள். தோட்டங்களில் இருந்து தப்பி ஓடினார்கள். பிரான்சின் பிடியில் இருந்த ஹைட்டியில் 1791-இல் பெரும் புரட்சி செய்தார்கள். 1804-இல் அது சுதந்திர நாடு ஆனது.

அதே 1791-இல் இங்கிலாந்திலும் மக்கள் கிளம்பினார்கள். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை லட்சக்கணக்கானவர்கள் வாங்க மறுத்தார்கள். இதில் பெண்களின் பங்கு பெரியது. அவர்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. ஆனால் வீட்டுக்கு எதை வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது.

1807-இல் இங்கிலாந்து அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. ஆனால் ஏற்கனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1833-இல்தான் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அப்போது 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல. முதலாளிகளுக்கு! அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 1838 வரை பெரும்பாலோர் அதே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. பிரேசிலில் 1888-இல் ஒழிந்தது. ஆப்பிரிக்கா இழந்த இளைஞர்கள் திரும்பவில்லை. கறுப்பு நிறம் என்றால் தாழ்வு என்ற பொய் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு

அடிமைகள் விடுதலை ஆனதும் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேடினார்கள். 1834 முதல் இந்திய ஏழைகளை மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கயானா, டிரினிடாட், ஃபிஜி போன்ற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. இவர்களை விலைக்கு வாங்கவில்லை. ஒப்பந்தம் போட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் படிக்க முடியவில்லை. இந்த ஆள் சேர்ப்பு 1917-இல்தான் நின்றது.

இந்தியாவில் 1976 முதல் கொத்தடிமை முறை சட்டப்படி குற்றம். கடனுக்காக யாரையும் பிடித்து வைத்து வேலை வாங்கக் கூடாது. அப்படி நடந்தால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். அந்த மனுவை இனி நாமே எழுதலாம்.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன், அதை முழுவதும் படிப்போம். புரியாவிட்டால் கேட்போம்.